உடைசலில் எழுந்த ஆடுகளங்கள்

மதுரைக்கு அண்மையில் வைகைக் கரையிலுள்ள கீழடியிலும், தமிழகத்தின் வேறு பல அகழிடங்களிலும், ஓரம் தேய்த்து வட்டமாக்கப்பெற்ற பானை ஓட்டுச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் குயவர் வனைந்து சுட்டார் அல்லர். உடைந்த பானையிலிருந்து ஒரு துண்டைத் தேர்ந்து, கல்லில் தேய்த்து, கைக்கு அடக்கமாக எவரோ ஆக்கிக்கொண்டவை அவை. அவற்றுட் பல ஆட்டத்துக்கு உதவியவை என்பது அறிஞர் கருத்து. இன்றும் நம் சிறுமியர் தரையில் கட்டம் கீறிப் 'பாண்டி' ஆடும்போது எறிவது அதே ஓட்டுச் சில்லுதான். கீழடியின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்கின்றது என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்படியாயின், பயன் தீர்ந்த பொருளை ஆட்டப் பொருளாக்கும் கலை நம்மிடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது நடந்து வருகின்றது என்று கொள்ளலாம்.

எறியப்பட்ட பொருள்களைக் கொண்டு எழுப்பிய ஆடுகளங்களின் வரலாற்றை இவ்வுரையில் சுருக்கமாகக் காண்போம். அதன் அண்மைக்கால அத்தியாயம் ஒன்று, தமிழர் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பெங்களூரு நகரில் எழுதப்பட்டிருக்கின்றது.

சிறுதேரும் சிற்றிலும்

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிறுபறை முழக்கல், சிற்றில் சிதைத்தல், சிறுதேர் உருட்டல் என்பன. மூன்றும் விளையாட்டுகள், மூன்றும் பெரியோர் உலகின் சிறுவடிவங்கள். இவற்றுள் சிற்றில் என்பது கருதத்தக்கது. சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர். சிறுவன் வந்து அதைக் காலால் அழிக்கின்றான். கட்டுவதும் ஆட்டம், கலைப்பதும் ஆட்டம் என்று நம் புலவர் கண்டிருந்தனர். இக்கருத்துப் பின்னர் நமக்குப் பயன்படும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் நெல்லைக் கவர வரும் கோழியை விரட்ட, மகளிர் காதிலுள்ள பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குழந்தை உருட்டிவரும் மூன்று காற் சிறுதேரைத் தடுக்கின்றது. செல்வ வளத்தைக் கூற வந்த புலவர்க்குக் குழந்தையின் வண்டியும் கண்ணிற் பட்டது.

செல்வமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வண்டி உண்டு. நுங்கைத் தின்றபின் எஞ்சும் இரு கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகினால் அது சக்கரம். கவைக்கோலால் தள்ளினால் அது தேர். தேய்ந்த சைக்கிள் டயரை ஒரு குச்சியால் அடித்து ஓட்டாத கிராமத்துச் சிறுவன் முன்னாளில் இல்லை. தட்டையாக்கிய சோடா மூடியில் இரண்டு துளையிட்டு நூல் கோத்துச் சுழற்றினால் 'விர்' என்று பாடும். இரண்டு தீப்பெட்டிகளும் ஒரு நூலும் தொலைபேசியாகும். கொட்டாங்கச்சி சிறுபறையாகும். இவற்றை எந்தப் பள்ளியிலும் கற்பித்ததில்லை. மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளை கண்டு கற்றது.

இத்தகைய நாட்டுப்புற விளையாட்டுப் பொருள்களைத் தேடித் திரட்டி, அவற்றின் இயக்க நுட்பத்தை வடிவமைப்பு மாணவர்க்குப் பாடமாக்கியவர் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பேராசிரியர் சுதர்சன் கன்னா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவியலையும் அறிவியலையும் கற்பிக்கும் பொம்மைகளை உருவாக்கி, 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். குப்பைத் தொட்டியில் பாடப்புத்தகம் கிடக்கின்றது என்பதை இவர்கள் இருவரும் மெய்ப்பித்தனர்.

போர்க்காலத்து ஆடுகளம்

ஒரு பொம்மையைச் செய்வது வேறு. ஓர் இடத்தையே அவ்வாறு அமைப்பது வேறு. இடத்தைப் பற்றிய சிந்தனை டென்மார்க்கில் தோன்றியது. அந்நாட்டின் நிலவெழில் வடிவமைப்பாளர் சோரன்சன், நகராட்சிகளுக்காகத் திருத்தமான விளையாட்டுத் திடல்களை அமைத்தவர். ஆனால் சிறுவர்கள் அத்திடல்களை விட்டுவிட்டு, வீடு கட்டும் இடங்களிற் புகுந்து பலகையோடும் செங்கல்லோடும் ஆடுவதை அவர் கண்டார். அக்காட்சியை அலட்சியம் செய்யாது, பழைய பலகை, பெட்டி, குழாய் ஆகியவற்றைக் குவித்துப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கும் ஒரு திடல் வேண்டும் என்று 1931ஆம் ஆண்டில் எழுதினார்.

அக்கருத்து நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1943ஆம் ஆண்டில், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோப்பன்ஹேகன் நகரின் எம்டிரப் என்னும் பகுதியில், தொழிலாளர் கூட்டுறவு வீட்டமைப்பு ஒன்றின் குடியிருப்பில் முதலாவது 'உடைசல் ஆடுகளம்' திறக்கப்பட்டது. கடலோடியாக இருந்து பின் குழந்தைக் கல்வி பயின்ற ஜான் பெர்ட்டல்சன் அதன் துணைவராக அமர்ந்தார். பிள்ளைகள் குடில் கட்டினர், குழி தோண்டினர், கட்டியதை இடித்து மறுபடியும் கட்டினர். நம் சிற்றில் அங்கே மரப்பலகையில் எழுந்தது எனலாம். தாம் அமைத்தவற்றுள் கண்ணுக்கு அழகு குறைந்தது அதுவே, ஆயினும் தம் பணிகளுள் அதுவே தலைசிறந்தது என்னும் கருத்துப்படச் சோரன்சன் பிற்காலத்திற் கூறினார்.

1946ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சென்று இதைக் கண்டவர் ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி. அவரும் நிலவெழில் வடிவமைப்பாளரே. லண்டன் மாநகர் குண்டு வீச்சினாற் பாழ்பட்டுக் கிடந்த காலம் அது. அப்பாழிடங்களையே பிள்ளைகளுக்கு அளிக்கலாம் என்று அவர் வாதாடினார். 1948இல் லண்டன் கேம்பர்வெல் பகுதியில், குண்டுக்கு இரையான மாதா கோவில் இருந்த மனையில், அத்தகைய திடல் ஒன்று எழுந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை எழுநூற்றுக்கு மேற்பட்ட திடல்களை அமைத்தார். அவர் மீட்டது பொருளையன்று, இடத்தை. தெருமுனைகளிலும் வீடிழந்த வெற்று மனைகளிலும் அவருடைய திடல்கள் தோன்றின.

இம்முயற்சிகளுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் சைமன் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேயர். ஓரிடத்தில் அசைக்கவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எத்துணை மிகுதியோ, அத்துணைக்கு அங்கே புதுமை காணும் ஆற்றல் வளரும் என்று 1971ஆம் ஆண்டில் அவர் எழுதினார். இரும்புச் சறுக்குமரம் சறுக்குவதற்கே உதவும். ஒரு பலகையோ பாலமும் ஆகும், படகும் ஆகும், கூரையும் ஆகும்.

சண்டிகரின் சாலை ஆய்வாளர்

நம் நாட்டில் உடைசலைக் கொண்டு ஓர் உலகையே படைத்தவர் நேக் சந்த். பிரிவினையால் பாகிஸ்தானுட் சென்றுவிட்ட ஒரு கிராமத்தில் 1924ஆம் ஆண்டில் பிறந்தவர். 1947இல் வீட்டையும் ஊரையும் விட்டு அகதியாக இந்தியாவுக்கு வந்தார். பின்னர்ச் சண்டிகரில் அரசுப் பொதுப்பணியில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார்.

சண்டிகர் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. லெ கொர்பூசியே என்னும் பெரும் கட்டடக் கலைஞர் கோடு கிழித்த நேர்த்தியான நகரம் அது. அந்நேர்த்திக்காகப் பல கிராமங்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடு, உடைந்த வளையல், பீங்கான் கோப்பை, கழிவறைப் பீங்கான், மின் இணைப்புக் குமிழ் ஆகியவை எங்கும் கிடந்தன. நேக் சந்த் பகலில் அலுவல் பார்த்து, மாலையிலும் இரவிலும் அவற்றைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப் பள்ளமொன்றிற் சேர்த்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இப்பணி பல்லாண்டு மறைவாகவே நடந்தது. ஏனெனில் அக்காட்டு நிலத்தில் எதுவும் கட்டலாகாது என்பது சட்டம். வளையல் துண்டுகளால் ஆடை புனைந்த பெண்டிரும், பீங்கான் தோல் போர்த்த விலங்குகளும் வரிசை வரிசையாக அங்கே நின்றன.

1970களில் அதிகாரிகள் இதைக் கண்டுபிடித்தனர். சட்டப்படி அதை இடித்திருக்கலாம். ஆனால் ஊரார் திரண்டு வந்து பார்த்து வியந்தனர். 1976ஆம் ஆண்டில் அது 'பாறைத் தோட்டம்' என்னும் பெயரிற் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. நேக் சந்துக்கு அதனைப் பேணும் பொறுப்பும், உதவிக்கு ஐம்பது தொழிலாளரும் அளிக்கப்பெற்றனர். 1984இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. அருவிகளும் முற்றங்களும் பெரிய ஊஞ்சல்களும் கொண்டு ஏறத்தாழ நாற்பது ஏக்கராக அத்தோட்டம் விரிந்தது. தமிழக எல்லைக்கு அருகே பாலக்காட்டு மலம்புழாவிலும் அவர் கைவண்ணத்தில் ஒரு பாறைத் தோட்டம் உண்டு. அவர் 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார்.

பிறந்த ஊரை இழந்து வந்த ஒருவர், தம் கண்முன் அழிந்த பிறர் ஊர்களின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளையல் துண்டு எவர் கையில் ஒலித்ததோ, கோப்பை எவர் அடுக்களையில் இருந்ததோ, அறியோம். ஆனால் அவை குப்பைமேட்டிற் புதையாமல் காட்சிக்கு வந்தன. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுந்த நம்மவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெங்களூரில் டயர்

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையை அங்கு மாற்றித் தண்டு அமைத்தபோது, படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் பெருவாரியாக அங்கே குடியேறினர். அல்சூரும் சிவாஜிநகரும் அன்று முதல் தமிழ் ஒலிக்கும் பகுதிகள். பழைய பொருள் வாணிகத்திலும் அந்நகர் பெயர் பெற்றது. சென்னையில் நாம் 'காயலான் கடை' என்பதை அங்கே 'குஜரி' என்பர். சிவாஜிநகரில் பழைய மோட்டார் வண்டிகள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடக்கும். ஜாலி மொகல்லாவில் காகிதமும் இரும்பும் பிளாஸ்டிக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறும். குப்பை பொறுக்கி வாழ்வோர்க்குப் பெங்களூரு மாநகராட்சி 2011ஆம் ஆண்டு முதல் அடையாள அட்டை வழங்கியது. அத்தொழிலாளருள் தமிழ் பேசுவோரும் உண்டு.

இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது 'ஆண்ட்ஹில் கிரியேஷன்ஸ்' என்னும் அறநிறுவனம். அதனைத் தொடங்கியவருள் முதன்மையானவர் பூஜா ராய். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கட்டடக்கலை பயின்றபோது, அங்குள்ள ஏழைக் குழந்தைகள் பந்தாட்ட மட்டைக்குப் பதிலாகத் தேய்ந்த செருப்பைக் கையிற் பிடித்து இறகுப் பந்து ஆடுவதைக் கண்டார். முறையான ஆடுகளம் அமைக்கப் பொருளில்லை. பழைய டயர்கள் இருந்தன. மாணவர் சிலர் கூடி அவற்றாலேயே ஒரு திடலை அமைத்தனர். பின்னர்ப் பெங்களூரில் நிலைகொண்ட அம்முயற்சி, பல மாநிலங்களில் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளங்களாகப் பெருகியது.

டயரை ஏன் தேர்ந்தனர்? கந்தகம் சேர்த்துச் சூடேற்றி வலுவாக்கிய ரப்பரை மெழுகு போல் மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்த அம்முறைதான் டயருக்கு வலிமை தந்தது. அவ்வலிமையே தேய்ந்த டயரைத் தீராத சுமையாகவும் ஆக்கியது. எரித்தால் நச்சுப்புகை, வெட்டவெளியிற் போட்டால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசுவுக்கு வீடு. தேய்ந்த டயர்களுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதிகளை மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியிட்டது.

இங்கே வரலாற்றின் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அது பரவவில்லை. அதனை உலகில் நிலைநாட்டியவர் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப். கரடுமுரடான பாதையிற் குலுங்கிச் சென்ற தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் அதனைச் செய்தார். 1888இல் காப்புரிமையும் பெற்றார். பட்டினப்பாலைக் குழந்தையின் மூன்று காற் சிறுதேர் போன்ற ஒரு வண்டிக்காகப் பிறந்த பொருள், உலகெல்லாம் ஓடித் தேய்ந்து, மீண்டும் குழந்தைகளிடமே வந்து சேர்ந்திருக்கின்றது.

ஆடுகளத்துக்கு வரும் டயரை அப்படியே நட்டுவிடுவதில்லை. உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரை ஒதுக்க வேண்டும். இல்லையேல் பிள்ளையின் கை கிழியும். மற்றவற்றைக் கழுவி, நீர் தேங்காதபடி அடியில் துளையிட்டு, நிறம் பூசி, போல்ட்டு கொண்டு இறுக்கி, பாதியைத் தரையிற் புதைக்கின்றனர். நிறம் பூசுவது அழகுக்கு மட்டுமன்று. கரிய ரப்பர் வெயிலில் கொதிக்கும். அதன்பின் அதே வட்டம் ஊஞ்சலாகின்றது, வரிசையாக நிறுத்தினால் குகை, அடுக்கினால் ஏறுகோபுரம், காதும் துதிக்கையும் சேர்த்தால் யானை. வேலை தொடங்குமுன் என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே வரைந்து காட்டச் சொல்வதும் இவர்கள் முறை. வடிவமைப்பாளர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. புதுப்பொருளை வாங்குவோர் முதலில் வடிவை எண்ணிப் பின் பொருளைத் தேடுகின்றனர். பழம்பொருளைக் கையாள்வோர் பொருளை முதலில் உற்றுநோக்கி, அதனுள் எவ்வடிவங்கள் அடங்கியுள்ளன என்று வினவ வேண்டியிருக்கின்றது. குழந்தை செய்வதும் அதுவே.

ஏழைக்கு எச்சமா?

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் புதிய ஊஞ்சலும், ஏழைப் பிள்ளைக்குத் தேய்ந்த டயரும் என்பது நீதியாகுமா? மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எனக்குச் சொற்களோடுதான் நாளும் பழக்கம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிப்பதை நாம் கழிவு, குப்பை, எச்சம், மிச்சம், உடைசல் என்று பிரித்துச் சொல்கின்றோம். எச்சம் என்னும்போது இழிவும், மிச்சம் என்னும்போது சேமிப்பும் தொனிக்கின்றன. எச்சத்தைக் கொடுக்கின்றோமா, மிச்சத்தைப் பகிர்கின்றோமா என்பதே வினா.

சூத்திரகர் இயற்றிய வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசனார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அண்டை வீட்டுச் சிறுவனின் பொற்றேரைப் பார்த்த ஏழைச் சிறுவன், தன் மண்தேரை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் நிரப்புகின்றாள். மண்தேரே போதும் என்று அவள் குழந்தைக்கு உபதேசம் செய்யவில்லை. குழந்தையின் அழுகையை அவள் மதித்தாள்.

நாமும் அங்ஙனமே மதித்தல் வேண்டும். விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகின்றது; இந்தியா 1992இல் அதனை ஏற்றது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆடுகளமும் ஆட்டப் பொருளும் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விதிக்கின்றது. டயர்த் திடல் ஒன்று அமைந்துவிட்டது என்பதனால் அக்கடமை தீர்ந்துவிடாது. பழம்பொருளாயினும் பாதுகாப்பில் குறை இருத்தலாகாது. ஆண்டுதோறும் ஆராய்ந்து பழுது நீக்கப் பொருள் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். எம்டிரப்பில் குழந்தைகளே கட்டினர், குழந்தைகளே கலைத்தனர். பெங்களூரு முறையில் போல்ட்டு இறுக்கியபின் பொருள் அசைவதில்லை. குழந்தைகள் கருத்துச் சொல்கின்றனர், பெரியோர் கட்டுகின்றனர். பள்ளி முற்றத்துக்கு இதுவே பொருந்தும். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் உதிரிப் பலகை ஆபத்து. ஆயினும் நிலையான டயர்களுக்கு நடுவே ஒரு மூலையில் மணலும், மூங்கிற் கழியும், கொட்டாங்கச்சியும், ஓட்டுச் சில்லும் குவித்து வைத்தால், சிற்றில் கட்டவும் சிதைக்கவும் இடமுண்டாகும். நாடு இரண்டின் நன்மையும் ஒருங்கே சேரும்.

சோரன்சன் வடிவமைப்பை விட முதலிற் செய்தது பார்வை. பிள்ளைகள் எங்கே ஆடுகின்றனர் என்று பார்த்தார். பூஜா ராய் கண்டது செருப்பு மட்டை. நேக் சந்த் கண்டது வளையல் துண்டு. பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பல, முற்றமில்லாத அடுக்குவீடுகளில் வாழ்கின்றன. நுங்கு வண்டி ஓட்டிய தந்தையின் பிள்ளை, மாடிப்படியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்திருக்கின்றது. குடியிருப்பில் ஒரு மூலை, தமிழ்ச் சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு சிறு நிலம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அருகில் உடனிருக்க ஒரு பெரியவர் - தொடங்குவதற்கு இவை போதும். அங்கே கன்னடம் பேசும் பிள்ளையும், இந்தி பேசும் பிள்ளையும், வங்காளம் பேசும் பிள்ளையும் வருவர். ஓட்டுச் சில்லுக்கு அவரவர் மொழியில் ஒரு பெயர் இருக்கும். ஆட்டத்தின் விதியை ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.